டீச்சரிடம் கேளுங்கள்: “இந்தக் கல்” எந்தக் கல்?

இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. திருச்சபையை நிறுவியவர் யார், அதற்குத் தலைவர் யார், அந்த அதிகாரம் இப்போது யார் கையில்? முப்பத்தொரு வருடம் கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கிறிஸ்தவம் படிப்பித்தவள் நான். பிள்ளைகளும் இதைத்தான் அடிக்கடி கேட்பார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டு, இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், நான் தாண்டவன்வெளியில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். இரண்டு வருடத்துக்கு முன் கல்லாற்றில் ஒரு மெதடிஸ்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். மாமா நல்ல மனிசன், வேதம் வாசிக்காமல் படுக்கமாட்டார். பாப்பரசர் பிரான்சிஸ் இறந்து புதியவர் தெரிவான நாளில் எங்கள் வீட்டில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நான் மத்தேயு 16ஆம் அதிகாரத்தைக் காட்டினால், “இந்தக் கல் எண்டது பேதுரு இல்ல மகள், கிறிஸ்து” என்கிறார். அவர் சொல்வது சரியா? சரி என்றால் எங்கள் கோயில் பிழையா?
— ஒரு வாசகி, கல்லாறு

பதில்: மகள், உங்கள் வீட்டுக் கதை என் வீட்டுக் கதையும்தான். என் அம்மா கத்தோலிக்கம், அப்பா மெதடிஸ்த. விடிய அம்மாவோடு பூசைக்குப் போவேன்; வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு அப்பாவோடு ஆராதனைக்குப் போவேன். இரண்டு வேதப் புத்தகமும் ஒரே அலுமாரியில் இருந்தன. அம்மாவின் புத்தகத்தில், “உன் பெயர் பேதுரு, இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்” என்று இருக்கும். அப்பாவின் புத்தகத்தில், “நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்” என்று இருக்கும். ஒன்றில் பாறை, மற்றதில் கல். எட்டு வயதில் அதுவே எனக்குப் பெரிய குழப்பம்.

உங்கள் மாமா சொல்வதற்கு அடிப்படை இது. மத்தேயு நற்செய்தி நம் கையில் கிரேக்கத்தில் இருக்கிறது. அதில் பேதுருவின் பெயர் ‘பெற்றோஸ்’, பாறைக்கு வரும் சொல் ‘பெற்றா’. முன்னது சிறு கல், பின்னது பெரும் பாறை, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பது பழைய வாதம். இந்த வாதத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை. இயேசு சீமோன் என்ற பேதுருவோடு பேசியது அரமேய மொழியில். அதில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், ‘கேபா’. யோவான் 1:42இல் அந்தப் பெயர் அப்படியே நிற்கிறது. பவுலும் கலாத்தியருக்கு எழுதும்போது பல இடத்தில் ‘கேபா’ என்று சொல்கிறார். கிரேக்கத்தில் ‘பெற்றா’ பெண்பாற் சொல். அதை ஓர் ஆணுக்குப் பெயராக வைக்க முடியாமல் ‘பெற்றோஸ்’ ஆக்கினார்கள், அவ்வளவுதான். ஒஸ்கார் குல்மன் என்ற லூத்தரன் அறிஞரே அந்தக் கல் பேதுருதான் என்று ஒப்புக்கொண்டவர். ஆகவே இந்த ஓர் இடத்தில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் மாமா தனியாளாக நிற்கவில்லை. பழைய காலத்துப் பெரிய ஆயரான அருளப்பர் கிறிசோஸ்தம், அந்தப் பாறை பேதுரு அறிக்கையிட்ட விசுவாசம் என்று பிரசங்கித்தார். “நீர் ஜீவனுள்ள தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து” என்று பேதுரு சொன்னாரே, அதன் மேல்தான் சபை நிற்கிறது என்பது அவர் விளக்கம். புனித அகுஸ்தீனார் இளமையில் பாறை பேதுருவே என்றார். பிற்காலத்தில் கிறிஸ்துவே என்றார். முதுமையில் தன் எழுத்துகளைத் தானே திருப்பிப் பார்த்தபோது, இரண்டில் எது பொருத்தம் என்று வாசகர் தெரிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன் அவ்வளவு பெரிய ஆயர் திறந்து வைத்த கதவை, கல்லாற்றில் ஒரு வீட்டுக் குசினியில் பூட்டிவிட முடியாது மகள்.

நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது ‘கல்’ என்ற சொல்லுக்கு ஒரு கோடு போடச் சொல்வேன். ‘என்’ என்ற சொல்லுக்கு இரண்டு கோடு. என் சபையைக் கட்டுவேன் என்றார். கட்டுகிறவர் அவர், சபை அவருடையது. “பேதுருவே, நீ உனக்கொரு சபையைக் கட்டு” என்று எங்கும் இல்லை.

அடுத்த வசனத்தில் திறவுகோல் வருகிறது. பரலோக இராச்சியத்தின் திறவுகோல்களை உனக்குத் தருவேன் என்கிறார். இது ஏசாயா 22இல் இருந்து வருகிற பேச்சு. அங்கே தாவீது வீட்டின் திறவுகோல் எலியாக்கீமின் தோளில் வைக்கப்படுகிறது. எலியாக்கீம் அரசன் அல்ல, அரண்மனை விசாரிப்புக்காரன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க எனக்கு எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை. வயலுக்குச் சொந்தக்காரர் போடியார்; அவருக்காக வயலை மேற்பார்க்க முல்லைக்காரன் இருப்பான். எந்த வரவையில் எப்போது விதைப்பது, யாரைக் கூப்பிடுவது, வாடியில் யார் காவல், எல்லாம் அவன் சொல்தான். அவன் சொல்லை வயற்காரர் தட்டமாட்டார்கள். ஆனாலும் சூடு மிதித்து நெல் பட்டறைக்குப் போகும் நாளில் அது யாருடைய நெல் என்று ஒருவருக்கும் சந்தேகம் வராது. பேதுருவின் அதிகாரம் உண்மையான அதிகாரம். அது முல்லைக்காரனின் அதிகாரம்.

திறவுகோல் கொடுத்து ஐந்தாறு வரி போகவில்லை, அதே பேதுருவைப் பார்த்து, “எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே” என்கிறார். சிலுவை வேண்டாம் என்று தடுத்ததற்காக. “நீ எனக்கு இடறலாயிருக்கிறாய்” என்கிறார். இடறல் என்றால் வழியில் கிடந்து காலைத் தட்டுகிற கல். ஒரே மனிதன், மத்தேயுவின் அதே 16ஆம் அதிகாரத்துக்குள், முதலில் அத்திவாரக் கல், பிறகு தடக்குக் கல். மத்தேயு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பேதுருவின் வழி வந்த எந்தத் தலைவரும் இரண்டாகவும் இருக்கக்கூடும்.

மூலைக்கல்லையும் சொல்லவேண்டும். பேதுருவே தன் முதலாம் நிருபத்தில் கிறிஸ்துவை மூலைக்கல் என்கிறார், தன்னை உடன்மூப்பன் என்கிறார். எபேசியர் 2:20, அப்போஸ்தலரையும் தீர்க்கதரிசிகளையும் அத்திவாரம் என்றும், இயேசு கிறிஸ்துவை மூலைக்கல் என்றும் சொல்கிறது. இது என்ன கணக்கு என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. விளங்கியது சுனாமிக்குப் பிறகு.

அப்பாவின் வீடு பெரியகல்லாற்றில் கடலுக்குக் கிட்ட. 2004 டிசம்பர் 26ஆம் திகதி தண்ணீர் வந்துபோன பிறகு சுவர் ஒன்றும் இல்லை. அத்திவாரம் மட்டும் மணலுக்குள் இருந்து தெரிந்தது. எது சாமியறை, எது குசினி என்று அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அடுத்த வருடம் கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு எடுத்தபோது அம்மாவின் தம்பி, மேசன் வேலை செய்தவர், தானே வந்து நின்றார். நாலு பக்கமும் அத்திவாரத்துக்கு வாணம் வெட்டியாயிற்று. கருங்கல் லொறியில் வந்து பறித்தாயிற்று. அவர் ஒருவரையும் கல் போட விடவில்லை. கிழக்கு மூலையில் முளை அடித்து, ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து குறி வைத்து, குறுக்கே நாடாவைப் பிடித்தார். 5 அடி வரவேண்டும். அரை அங்குலம் கூட இருந்தது. திரும்பவும் முளையைப் பிடுங்கி அடித்தார். மூன்றாம் தரம்தான் சரியாக வந்தது. அந்த மூலையில் முதல் கல்லை இறுக்கி வைத்துவிட்டு, அதில் இருந்து இரண்டு பக்கமும் நூல் இழுத்தார். பிறகுதான் மற்ற ஆட்களிடம், “இனிப் போடுங்க, நூலப் பாத்துப் போடுங்க” என்றார். போட்ட கல் எல்லாமே அத்திவாரம்தான். ஆனால் ஒவ்வொன்றும் அந்த மூலையைப் பார்த்தே படுத்தது. அன்றைக்கு நான் வெயிலில் நின்று எபேசியர் 2:20ஐ முதன்முறை வாசித்தேன் என்று சொல்லலாம்.

அப்படியானால் பாப்பரசர்? கத்தோலிக்கர், பேதுருவுக்குக் கொடுத்த பொறுப்பு உரோமை ஆயரிடம் வழிவழியாக வருகிறது என்று நம்புகிறார்கள். 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் அதற்கு மிகக் கூர்மையான வடிவம் கொடுத்தது. விசுவாசம், ஒழுக்கம் பற்றி முழு அதிகாரத்தோடு அவர் வரையறுத்துச் சொல்லும்போது தவறமாட்டார் என்றது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆயர்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து ஒரு குழுவாகப் பொறுப்பேற்கிறார்கள் என்று அதை நிறைவு செய்தது. கிழக்கத்திய ஓர்தொடொக்ஸ் சபைகள் உரோமைக்கு மரியாதையில் முதலிடம் கொடுத்திருந்தன. ஆளும் உரிமை கொடுக்கவில்லை. அந்தப் பிளவு 1054இல் வெடித்தது. மெதடிஸ்தர்கள் வருடாந்த மகாநாட்டில் கூடித் தீர்மானிக்கிறார்கள். இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964இல் தன்னாட்சி பெற்றது, அதன் தலைவரை அந்த மகாநாடு தெரிவு செய்கிறது. புதிய பாப்பரசர் 14ஆம் லியோவையும் 2025 மே 8ஆம் திகதி 133 கர்தினால்மார் வாக்குப்போட்டுத்தான் தெரிவு செய்தார்கள். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டு வீட்டிலும் வாக்குச் சீட்டும் இருக்கிறது, ஜெபமும் இருக்கிறது.

எந்தக் கத்தோலிக்கரும் பாப்பரசரைச் சபையின் நிறுவுனர் என்று சொல்வதில்லை, மாமா இதையும் அறிந்திருக்கவேண்டும். பாப்பரசர் பெரிய கிறகோரியார் காலத்தில் இருந்து அந்தப் பதவிக்கு இருக்கும் பட்டங்களில் ஒன்று, ‘இறைவனின் ஊழியருக்கு ஊழியர்’. 1995இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்), கொழும்புக்கு வந்து ஜோசப் வாஸ் அடிகளுக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்த அதே வருடம், தன் பதவியை எப்படி நடத்தினால் மற்றச் சபைகளும் ஏற்கக்கூடியதாக இருக்கும் என்று யோசித்துச் சொல்லும்படி மற்றச் சபைத் தலைவர்களையே எழுத்தில் கேட்டார். பதவியில் இருக்கிற ஒருவர் அப்படிக் கேட்பது லேசான காரியமா?

எங்கள் மட்டக்களப்பின் கதையையும் பாருங்கள். 1638இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. குரு இல்லாத காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் செபத்தை நடத்தியவர்கள் ஊர் மூப்பரும் அண்ணாவியும்தான். 1813 டிசம்பர் கடைசியில் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். கூட்டி வந்த தலைவர் தோமஸ் கோக், 1814 மே 3ஆம் திகதி கப்பலில் தன் அறையில் இறந்து கிடந்தார், கடலில்தான் அடக்கம். தலைவர் இல்லாமல் ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார், 1815 ஏப்ரலில் அவரும் போய்ச் சேர்ந்தார். ஒரு வருடம் முழுதாக இருக்கவில்லை. இன்றைக்கும் புளியந்தீவில் மெதடிஸ்த மத்திய கல்லூரி நிற்கிறது, மரியாள் பேராலயமும் நிற்கிறது. தலைவர்மார் வேண்டும், மிகவும் வேண்டும். ஆனால் தலைவர் இறந்தாலும் இல்லாமல் போனாலும் சபை விழவில்லை என்பதை எங்கள் இரண்டு கோயிலும் சொந்த அனுபவத்தில் கண்டவை.

உங்கள் கோயில் பிழையா என்று கேட்டீர்கள். இல்லை மகள். மாமா பிழையா? அவரும் இல்லை. செப்டெம்பரில் ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு நடந்து போகும்போது மாமாவையும் கூப்பிட்டுப் பாருங்கள். என் அப்பா பதினொரு தரம் வந்தார். மாதாவிடம் மன்றாட்டு வைக்கமாட்டார். அம்மாவின் தண்ணீர்ப் போத்தலைச் சுமந்துகொண்டு வருவார்.

கேள்வி: டீச்சர், எருசலேம் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் பேதுருவா யாக்கோபா? ரியூஷன் சேர் பேதுரு என்கிறார், பள்ளிக்கூட டீச்சர் யாக்கோபு என்கிறா. எனக்கு இந்த வருடம் சாதாரண தரம்.
— ஒரு மாணவன், கல்முனை

பதில்: தம்பி, அப்போஸ்தலர் 15ஐ முதலில் நீங்களே திறந்து வாசியுங்கள். அது நடந்தது ஏறக்குறைய கி.பி. 49இல். யூதரல்லாத புறஜாதியார் கிறிஸ்துவிடம் வந்தால் விருத்தசேதனம் செய்யவேண்டுமா என்பது பிரச்சினை. மிகுந்த தர்க்கம் நடந்த பிறகு பேதுரு எழுந்து பேசினார், வேண்டாம் என்றார். கூட்டம் அமைதியானது. பவுலும் பர்னபாவும் தங்கள் ஊழியத்தில் நடந்ததைச் சொன்னார்கள். கடைசியாக யாக்கோபு வேதவாக்கியத்தை எடுத்துக்காட்டி முடிவை முன்வைத்தார். தலைவர் இன்னார் என்று லூக்கா எழுதவே இல்லை. முடிவை வடிவமைத்தவர் யாக்கோபு. முடிவுக்கு வழி திறந்தவர் பேதுரு. கடிதம் எழுதும்போது, “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்று எழுதினார்கள். பரீட்சையில் இந்த வசனத்தையும் எழுதுங்கள். இந்த யாக்கோபு கர்த்தரின் சகோதரன் எனப்பட்டவர். செபெதேயுவின் மகன் யாக்கோபு அதற்கு முன்பே ஏரோதின் வாளுக்கு இரையானார், அப்போஸ்தலர் 12இல் இருக்கிறது. இருவரையும் மாற்றி எழுதி எத்தனையோ பிள்ளைகள் புள்ளி இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். கலாத்தியர் 2:11இல் பவுல், அந்தியோகியாவில் கேபாவை முகத்துக்கு நேரே எதிர்த்ததைச் சொல்கிறார். புறஜாதிச் சகோதரரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமில் இருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகிப்போனார். பவுல் அதை எல்லோருக்கும் முன்னால் கேட்டார். கேட்டதற்காகப் பவுலைச் சபையை விட்டு ஒருவரும் தள்ளவில்லை.

கேள்வி: நான் சைவ சமயத்தவன். கிறிஸ்தவ சபையை உண்மையில் உருவாக்கியது உரோமச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
— ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இல்லை ஐயா. அவர் 313இல் கிறிஸ்தவருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தார், 325இல் நிசேயாச் சங்கத்தைக் கூட்டினார். அதற்கு இருநூறு வருடத்துக்கு முன்பே, ஏறக்குறைய 112இல், பிளினி என்ற ஆளுநர் தன் பகுதியில் பெருகிவிட்ட கிறிஸ்தவரை என்ன செய்வது என்று சக்கரவர்த்தி திராயானுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நீரோ அவர்களைக் கொன்றது 64இல். சபை இல்லாமல் யாரைக் கொன்றார்? கொன்ஸ்தந்தீன் ஞானஸ்நானம் பெற்றதே 337இல், மரணப் படுக்கையில். அரசனின் நிழல் சபைக்கு நன்மையும் செய்தது, கெடுதலும் செய்தது. அதற்கு வேறொரு மாதம் வேண்டும்.

கேள்வி: அப்போஸ்தலர் எல்லோரும் ஆண்கள் என்பதால் பெண்ணுக்குச் சபையில் அதிகாரம் இல்லையா?
— ஒரு வாசகி, வாழைச்சேனை

பதில்: உயிர்த்த கர்த்தரை முதலில் கண்டு, சீடரிடம் போய்ச் சொல்லும்படி அனுப்பப்பட்டவர் மகதலேனா மரியாள். ‘அப்போஸ்தலன்’ என்ற சொல்லின் பொருளே அனுப்பப்பட்டவன். உரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எங்கள் கோயில்களில் பெயர்ப் பட்டியல் என்று கடந்து போகிறார்கள். அதில் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள் இருக்கிறா. பவுல் தனக்குப் பயன்படுத்தும் அதே கிரேக்கச் சொல்தான் அவவுக்கும். அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற யூனியாவும் அங்கே இருக்கிறா. பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் மகதலேனாவின் நினைவு நாளை அப்போஸ்தலருக்கு உரிய விழா நிலைக்கு உயர்த்தினார். பெண்களுக்குக் குருத்துவம் பற்றிச் சபைகளுக்குள் வேறு வேறு தீர்மானம் உண்டு. என் மனதைக் கேட்டால், கல்லறைக்கு விடிய முதல் போனவளை வாசலில் நிறுத்தி வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: பெயரும் ஊரும் போடவேண்டாம் டீச்சர். அம்பாறை மாவட்டம். நாங்கள் ஒன்பது வருடமாகப் போகும் சபையின் பாஸ்டர் இப்போது தன்னை அப்போஸ்தலர் என்கிறார். “இந்தச் சபையை நிறுவியவன் நான், என்னைக் கேள்வி கேட்பது தேவனைக் கேள்வி கேட்பது” என்கிறார். கட்டடக் காணிக்கைக்குக் கணக்குக் கேட்ட என் தம்பியை மேடையில் வைத்துச் சபித்தார். ‘அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே’ என்ற வசனத்தைச் சொல்லுகிறார். சபையை விட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்கிறார். அம்மா படுக்கையில். அவவுக்கு ஜெபிக்கவும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

முதலில் அந்த வசனம். அது சங்கீதம் 105:15. முன்னும் பின்னும் வாசியுங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் சொந்தக் காணி இல்லாமல், கொஞ்சப் பேராக, ஊர் ஊராக அலைந்த காலத்தைப் பற்றிய பாட்டு அது. பலமுள்ள ராஜாக்களைப் பார்த்துத் தேவன், இந்தப் பலமில்லாதவர்களைத் தொடாதே என்கிறார். உங்கள் சபையில் பலமுள்ளவர் யார், பலமில்லாதவர் யார்? அந்த வசனம் உங்கள் தம்பிக்குக் காவல். தாவீதும் சவுலைக் கொல்லவில்லை என்பது மெய். ஆனால் அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரும் கேட்க, கர்த்தர் உமக்கும் எனக்கும் நியாயம் தீர்க்கட்டும் என்று சொல்லவும் செய்தார்.

காசுக் கணக்கில் பவுல் எப்படி நடந்தார் என்று 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தான் தனியே தொடவில்லை. ஒருவரும் குறை சொல்லாதபடிக்கு, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட அனுப்பினார். அப்போஸ்தலர் என்று பெயர் வைத்துக்கொள்பவர் அப்போஸ்தலரின் கணக்குப் புத்தகத்தையும் வைத்திருக்கவேண்டும். யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார். ‘முதன்மையாயிருக்க விரும்புகிற’ என்ற ஒரு சொல்லில் அவரைக் காட்டுகிறார்கள். அவர் செய்தது என்ன? வந்த சகோதரரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொண்டவர்களைச் சபைக்குப் புறம்பாக்கினார்.

பேதுருவுக்கு மேய்ப்பன் பொறுப்பு எப்படி வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரதான ஆசாரியன் முற்றத்தில், குளிருக்குப் போட்ட கரிநெருப்புக்குப் பக்கத்தில் நின்று, அந்த மனிதனை அறியேன் என்றார். பிறகு திபேரியாக் கடற்கரையில், இரா முழுவதும் வலை போட்டு வெறுங்கையாய் வந்த விடியற்காலையில், திரும்பவும் ஒரு கரிநெருப்பு. யோவான் அதே சொல்லைத்தான் இரண்டு இடத்திலும் வைத்திருக்கிறார். அதன்மேல் மீன். அந்தப் புகை மூக்கில் ஏறும்போது பேதுருவுக்கு எந்த இரவு ஞாபகம் வந்திருக்கும்! அங்கே வைத்து இயேசு மூன்று தரம் கேட்டு, “என் ஆடுகளை மேய்ப்பாயாக” என்றார். அங்கேயும் அதே ‘என்’. மறுதலித்தவன் என்று தன்னை அறிந்தவன் கையில் ஆடுகளைக் கொடுத்தார். கோலால் மற்றவரை அடிக்க அவனுக்குக் கை வராது.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. பல வருடத்துக்கு முன், ஒரு சபையில் நான் செயலாளராக இருந்தேன். கூரைக்குச் சேர்த்த பணம் எங்கே என்று பொறுப்பாளரிடம் கேட்கவேண்டிய இடத்தில் இருந்தவள் நான். இரண்டு வருடம் கேட்கவில்லை. மரியாதை என்று நினைத்தேன். நான் வாய் திறந்தபோது, காப்பை அடகு வைத்துக் காணிக்கை போட்ட ஒரு விதவைத் தாய் கோயிலுக்கு வருவதையே விட்டிருந்தா. திரும்பி வரவில்லை. அதனால்தான் உங்கள் தம்பியை நான் மெச்சுகிறேன்.

இனிச் செய்யவேண்டியது. மத்தேயு 18இல் வழி இருக்கிறது. முதலில் தனியே போய்ப் பேசவேண்டும். உங்கள் தம்பி அதைச் செய்துவிட்டார். அடுத்தது இரண்டு மூன்று பேரோடு போவது. மூத்த விசுவாசிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு, கேட்பதை எழுத்தில் கொண்டுபோங்கள். என்ன வந்தது, என்ன செலவு, வங்கியில் எவ்வளவு, கையெழுத்துப் போடுபவர்கள் யார் யார். அதற்கும் பதில் இல்லையென்றால் சபை முழுவதற்கும் முன்னால் கேளுங்கள். பேச விடாவிட்டால் வெளிக்கிடுங்கள். நீங்கள் விட்டுப்போவது அந்த மண்டபத்தை. கிறிஸ்துவின் சபையை விட்டு உங்களைத் தள்ள அவருக்கு ஓர் அதிகாரமும் இல்லை. கொலோசெயர் 1:18 சபையாகிய சரீரத்துக்கு ஒரே தலையைத்தான் சொல்கிறது. சாபத்துக்கும் பயப்படாதீர்கள். காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது என்று நீதிமொழிகள் 26:2 சொல்கிறது.

அம்மாவைப் பற்றி. விலாசத்தை ஒரு துண்டில் எழுதி இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அது என் கையைத் தவிர வேறு கைக்குப் போகாது. கல்முனையில் எனக்குத் தெரிந்த மெதடிஸ்த ஐயர் ஒருவர் இருக்கிறார், கத்தோலிக்க சுவாமி ஒருவரும் இருக்கிறார். இருவரிடமும் சொல்லிவிட்டேன். யாருக்கு முதலில் பஸ் கிடைக்கிறதோ அவர் வருவார்.